ஆதிலட்சுமி எழுதாத பத்தொன்பது அத்தியாயங்கள்

ஜெராக்ஸ் கடை வைத்தவனுக்கு ஊர் ரகசியம் பாதி தெரிந்துவிடும். யார் மகன் கணக்கில் எத்தனை மார்க், யார் வீட்டு ஜாதகம் எத்தனை ஊருக்குப் போகிறது, யார் யார் மேல் மனு கொடுக்கிறார்கள், எல்லாம் என் மெஷினின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்துவிட்டுத்தான் போக வேண்டும். படிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். கண் கேட்க வேண்டுமே! 1993-இல் ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் 'தங்கவேலு ஜெராக்ஸ்' என்று போர்டு மாட்டினேன். அந்தக் கடையில் நான் படித்த காகிதங்களில் இன்றும் மறக்காமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொண்டுவந்தவர் கற்பகம்.

1996 ஆடி மாதம். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். விரல் நுனியெல்லாம் சாம்பல்.

"இதுல அஞ்சு காப்பி வேணுங்க."

"நோட்டைப் பிரிச்சுத் தாளாக் குடுத்தாதாம்மா நல்லா வரும். இப்படியே வச்சா நடுவுல கறுப்பா விழும்."

"பிரிக்க மாட்டேன். கறுப்பா விழுந்தா விழட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அது என் பரம்பரைச் சொத்து. முணுமுணுத்துக்கொண்டே நோட்டைக் கவிழ்த்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'பதினோராம் நம்பர் கேட். முப்பத்திரண்டாவது அத்தியாயம் முதல். எழுதியவர் ஆதிலட்சுமி.' மெஷினை நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் வரை ஒரு வாரப் பத்திரிகை பெட்டிக் கடைகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 'பதினோராம் நம்பர் கேட்' தொடராக வந்தது. வடிவு என்று ஒரு பெண். அவள் புருஷன் ரயில்வே கேட் கீப்பர். ஒருநாள் ஒரு கூட்ஸ் வண்டியில் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். வேலை போய்விட்டால் வீடும் போய்விடும். அதனால் வடிவு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, பச்சைக் கொடி பிடித்து, அவன் பெயரிலேயே வேலை பார்க்கிறாள். முப்பத்தோராவது வாரம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. வடிவு அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தொடரும் என்று போட்டார்கள். தொடரவில்லை. பத்திரிகையை மூடிவிட்டார்கள்.

என் மனைவி சின்னபொண்ணு அந்தப் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த சாபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் ஆறு மாதம் புலம்பினாள். அந்தக் கதையின் மிச்சம் இப்போது என் கண்ணாடி மேல் கிடக்கிறது!

"இது எங்கம்மா கெடச்சுது?"

அந்தப் பெண் முன்னும் பின்னும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான்தாங்க எழுதினேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

கற்பகத்தின் வீடு சேவூரில். கணவர் தமிழ்வாணன் பட்டு நெசவாளி. கற்பகத்துக்குத் தனியாக ஒரு கைத்தொழில் இருந்தது, பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. தறியில் ஒரு பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதியதன் இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் இழை இருக்கும். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் காலையில் தொடங்கி சாயங்காலம் வரை எழ முடியாது. கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். கற்பகம் அந்த வாரத்து அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டே பிணைப்பார். அச்சில் இருப்பது ஒரு வரி விடாமல் வரும். வடிவு பேசும் இடத்தில் வடிவு குரல், டிராலியில் வரும் இன்ஸ்பெக்டர் பேசும் இடத்தில் கட்டைக் குரல். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். கதை கேட்பதற்கென்றே தங்கள் வீட்டுப் பாவைக் கற்பகத்துக்காக இரண்டு நாள் நிறுத்திவைத்த ஆட்களும் உண்டு.

பத்திரிகை நின்றது தறி வீடுகளுக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. "அப்புறம் இன்னாச்சு? கடுதாசில இன்னா இருந்துச்சு?" முதல் இரண்டு வாரம், "இன்னும் புத்தகம் வரல" என்றார். மூன்றாவது வாரம் சேவூரில் சுகன்யா என்ற பெண்ணின் வீட்டில் பாவு. சுகன்யாவுக்குக் கதை என்றால் சோறு வேண்டாம். "நீ சொல்லலன்னா சாம்பல் கிண்ணத்த ஒளிச்சு வச்சுடுவேன்" என்று மிரட்டியிருக்கிறாள். கற்பகம் வாயைத் திறந்தார். வந்துவிட்டது. வடிவு கடிதத்தைப் பிரித்தாள், உள்ளே இப்படி இப்படி எழுதியிருந்தது என்று சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் அது பத்திரிகையில் வந்ததென்றே நினைத்தார்கள். கற்பகம் இல்லையென்று சொல்லவில்லை. பாவத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

வாரம் ஒன்றாகப் பத்தொன்பது அத்தியாயம் சொல்லி முடித்தார். பிறகு, "எழுதிக் குடு, ஊருக்கு எடுத்துகினு போறோம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் அந்த நோட்டு என் கடைக்கு வந்தது.

"நீங்க எழுதினதுல அவங்க பேரை ஏம்மா போட்டீங்க? உங்க பேரைப் போடறதுதான?" என்று கேட்டேன்.

"அய்ய, அது இன்னா நியாயம்? எங்க வூட்டுக்காரரு மஞ்சக்காமாலையில படுத்தப்போ, சேலை பாதில நின்னுது. பக்கத்து வூட்டு சம்பந்தம் அண்ணன் எங்க தறில உக்காந்து மீதிய நெய்ஞ்சு, தறிலேருந்து அறுத்துக் குடுத்தாரு. முதலாளிகிட்ட குடுக்கும்போது, 'இது தமிழ்வாணன் சேலை'ன்னுதான் சொன்னாரு. தறி யாருதோ, சேலை அவங்களுது. பாதி நெய்ஞ்சேன்னு அவரு பேரை சொல்லிக்குவாரா?"

நெசவுக்காரர் தெருக்களில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது உண்மைதான். படுத்தவன் தறி பாதியில் நிற்கக் கூடாது. முடித்துக் கொடுப்பவன் பெயர் வாங்கக் கூடாது. எனக்கும் அந்த நியாயம் சரியென்றே பட்டது. எனக்குத் தோன்றிய ஒரே யோசனை என்னவென்றால், ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் என் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டால் நல்ல விளம்பரம் என்பது. குத்தினேன். எல்லா வினையும் அந்த ஸ்டாம்பினால்தான் வந்தது.

ஐந்து பிரதி பத்தாகி, பத்து ஐம்பதாகி, ஒன்றரை வருஷத்தில் நூறைத் தாண்டிவிட்டது. கல்யாணமாகிப் போன பெண்கள் சீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். போளூர், சந்தவாசல், காஞ்சிபுரம் என்று பரவியது. காகிதச் செலவைத் தவிர ஒரு பைசா கூட வாங்கக் கூடாது என்று கற்பகம் எனக்குக் கட்டளை போட்டிருந்தார். மைப்பொடி வாசனையும், சூடான தாளும், பக்கத்துத் தெருவிலிருந்து தறிச் சத்தமும், "அண்ணா, வடிவு கதை வந்துடுச்சா?" என்று வந்து நிற்கும் பெண்களும்... அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது. அப்படி ஒரு காலம் பிறகு என் கடைக்கு வரவேயில்லை.

கதையில் எல்லோருக்கும் பிடித்த இடம் ஒன்று இருந்தது. கடிதத்தில் புருஷன் மன்னிப்புக் கேட்டிருப்பான். பிறகு நேரிலும் வந்து நிற்பான். வடிவு கேட்டைத் திறக்கமாட்டாள். வண்டி போகட்டும் என்று அவனை வெயிலில் நிற்கவைப்பாள். வண்டி போன பிறகு சொல்வாள்: "உள்ள வா. ஆனா கொடி என் கையிலதான் இருக்கும். நீ போய் உலை வை." இந்த வரியைச் சொல்லும்போது தறி வீடுகளில் பெண்கள் கைதட்டியிருக்கிறார்கள். சம்பந்தம் கூடச் சிரித்தார் என்று கேள்வி.

1998 தை மாதம் என் கடைக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. அனுப்பியவர்: ஆதிலட்சுமி, ரயில்வே காலனி, விழுப்புரம்.

நடந்தது இதுதான். சந்தவாசலில் குணா என்று ஒரு வாத்தியார். ஒரு கல்யாண வீட்டில் பிரதியைப் படித்துவிட்டு, பழைய பத்திரிகையில் முதல் அத்தியாயத்தோடு போட்டிருந்த முகவரியைத் தேடி எடுத்து, 'அம்மா, வடிவு உலை வைக்கச் சொன்ன இடத்தில் கண் கலங்கிவிட்டேன், தங்கவேலு ஜெராக்ஸ் மூலம் கிடைத்தது' என்று பாராட்டி எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர். அவர் மேல் குற்றமில்லை.

ஆதிலட்சுமி அம்மாள் எனக்கு எழுதியது நாலே வரி. 'நான் எழுதாத வரிக்கு எனக்குப் பாராட்டு வந்திருக்கிறது. என் வடிவு அவனை உள்ளே விடமாட்டாள். என் பெயரில் இதை எழுதியது யார்? அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.'

எனக்கு முதலில் வந்தது பயம். பிறகுதான் வழக்கம்போலக் கோபம். லெட்டரைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க மேசைக்குள் வைத்திருந்தேன். மறுநாள் மனசு கேட்கவில்லை. டவுன் பஸ் பிடித்து சேவூருக்குப் போய், பிணைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே கற்பகத்தின் கையில் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"உடுங்கம்மா. விழுப்புரத்துலருந்து வந்து இன்னா பண்ணப் போறாங்க? கண்டுக்காம இருந்தா ஆறிப் போய்டும்" என்றேன்.

"சம்பந்தம் அண்ணன் கேட்டுட்டுதாண்ணா உக்காந்தாரு" என்றார் கற்பகம்.

எனக்குப் புரியவில்லை.

"எங்க தறில. அவரு சும்மா வந்து உக்காரல. எங்க வூட்டுக்காரரு படுத்திருந்த இடத்துக்கு வந்து, 'நான் உக்காரட்டுமா தமிழு'ன்னு கேட்டாரு. அவரு கண்ணத் தொறந்து 'ம்'முன்னு சொன்னப்புறம்தான் தறில கால வச்சாரு. பேரு சொல்லக் கூடாதுன்றது ஞாபகம் இருந்துச்சு. கேக்கணும்ன்றத மறந்துட்டேனே. அந்தம்மா உயிரோட, அட்ரஸோட இருக்காங்க. நான் கேக்கவே இல்லியே!"

அன்று பிணைப்பை முடிக்காமலே எழுந்துவிட்டார். கற்பகம் பாதியில் எழுந்தது அந்த ஒரு நாள்தான் என்று சுகன்யா இன்றைக்கும் சொல்வாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் புறப்பட்டோம். ஸ்டாம்ப் குத்தின பாவி நான், கூடப் போகாமல் இருக்க முடியுமா? சேத்துப்பட்டு, செஞ்சி வழியாகப் பஸ். மடியில் நோட்டு. வழியெல்லாம் கற்பகம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க கிழிச்சுப் போடுன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுண்ணா? எனக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான்."

செஞ்சியில் பஸ் நின்றபோது இறங்கி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். 

ஆதிலட்சுமி அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, பேச்சில் கண்டிப்பு. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் இறந்துபோய் நாலு வருஷமாம். எங்களுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தார். நோட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். பத்தொன்பது அத்தியாயமும். இரண்டு மணி நேரம் நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். உலை வைக்கிற இடமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்திரிகை நின்னு ரெண்டரை வருஷம் ஆகுது. இந்தக் கதையைப் பத்தி எனக்கு ஒரு கடிதம் வரல. கடைசியா ஒண்ணு வந்துது. பிரிச்சா, அது நான் எழுதாததுக்கு வந்த பாராட்டு. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க."

கற்பகத்தின் கண் நிறைந்துவிட்டது. "என் பேரு போட்டா திருட்டாய்டும்னு நெனச்சேம்மா. அதாம்மா உங்க பேரே போட்டேன்."

"என் பேரைப் போட்டதாலதான் அது பொய்யாப் போச்சு. நான் நினைக்காததை எல்லாம் நான் நினைச்சதா ஊர் நம்புது. வடிவு என் ஆளு, கற்பகம். அவ வாயில என்ன வரணும்னு என்னைக் கேட்டிருக்கணும். எழுதினது நீங்கன்னா அதையும் சொல்லியிருக்கணும்."

"தப்புதாம்மா. இப்ப கேக்கறேன். நான் வச்சுக்கலாமா?"

அம்மாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட என் முடிவு இருக்கு. புத்தகமாப் போடணும்னு ஆசை. அது வர்ற வரைக்கும் உங்களுது வெளியில இருக்கக் கூடாது. ரெண்டும் குழம்பிடும். குடுத்த பிரதியெல்லாம் திருப்பி வாங்குங்க. இது யார் எழுதினதுன்னும் அவங்ககிட்ட சொல்லுங்க. என் புத்தகம் வந்தப்புறம், உங்க பேர்ல, மூலக் கதை என்னுதுன்னு முன்னாடியே எழுதி, விக்காம, வேணுங்கறவங்களுக்குக் குடுங்க. நான் தடுக்கமாட்டேன்."

"புத்தகம் எப்பம்மா வரும்?" நான்தான் கேட்டேன்.

"தெரியாது. போடறதுக்கு ஆள் கிடைக்கணும்."

"சரிங்கம்மா" என்றார் கற்பகம். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வராத புத்தகத்துக்காக வந்த கதையைப் பூட்டி வைப்பதா?

பஸ்ஸில் செஞ்சி தாண்டும் வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். கற்பகம் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என்னோட பதினாலாவது அத்தியாயம் நீளம், சுருக்கலாம்னு பொறப்படும்போது சொன்னாங்கல்ல? கவனிச்சீங்களாண்ணா? எல்லாத்தையும் படிச்சிருக்காங்க."

அதன் பிறகு கற்பகம் பட்ட பாடு இருக்கிறதே! வாய்க்கு வாய் பரவிய கதையை வீடு வீடாகத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது உண்மையையும் சொல்ல வேண்டும். "பத்திரிகைல வரல. நானா சொன்னது. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க." ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நம்பவே இல்லை. "நீயா? பாவு புணைக்கிறவ, நீ எங்க இதெல்லாம் எழுதறது?" என்று சிரித்தார்கள். எல்லாவற்றையும் விடச் சுட்டது சுகன்யா சொன்னதுதான். சாம்பல் கிண்ணத்தை ஒளித்துவைப்பேன் என்று மிரட்டிக் கதை கேட்டவள், கைதட்டினவள், பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாளாம்:

"அதான பாத்தேன். பின்னாடி கொஞ்சம் சப்புனுதான் இருந்துச்சு."

இதைச் சொல்லிவிட்டுக் கற்பகம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். ஆதிலட்சுமி பெயர் இருந்தவரை இனித்த கதை, கற்பகம் பெயர் வந்ததும் கசக்கிறது. மனுஷ நாக்கு அப்படி. எனக்கு சுகன்யாவைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கற்பகம் விடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட எத்தினி இருக்கு?" என்றார். நான் மேசைக்கு அடியில் மூன்று பிரதி வைத்திருந்தேன். இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வெளியூர்ப் பெண்களுக்குக் கடிதம் போட்டு வாங்கியதும் சேர்த்துத் தொண்ணூற்றுச் சொச்சம் பிரதி திரும்பி வந்தது. பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டார்.

அதோடு ஆறு வருஷம். பாவு பிணைக்கப் போகிற இடத்தில் கற்பகம் வேறு கதைகள் சொன்னார். சொந்த ஆட்களை வைத்துக் கதை கட்டச் சொல்லி நான் தூண்டினேன். வரவில்லை என்றார். வடிவை விட்டு மனசு நகரவில்லையாம். நடுவில் 2001-இல் சதீஷ் என்று ஒரு கேபிள் டிவிக்காரன் வந்தான். உள்ளூர்ச் சேனலில் நாடகமாகப் போடுகிறேன், உங்கள் பெயரைப் பெரிசாகப் போடுகிறேன் என்றான்.

"இன்னாக்கா பேஜாரு, ஆரணில காட்டுனா விழுப்புரத்துக்குத் தெரியவா போகுது? ஜல்தியா ஒரு வார்த்தை சொல்லுங்க."

நானும் அவன் பக்கம்தான் பேசினேன். மறைப்பானேன்?

"தெரியாதுதான்" என்றார் கற்பகம். "ஆனா நான் சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சதீஷ் தலையில் அடித்துக்கொண்டு போனான். அன்றைக்கு நானும் கற்பகத்தோடு சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். ஒரு மாதம் முடிந்ததும் நான்தான் போய்ப் பேசினேன். தப்பு என் பேரில் என்று எனக்கே தெரிந்திருந்தது.

2004 ஆவணியில் கடை முகவரிக்குப் பார்சல் வந்தது. 'பதினோராம் நம்பர் கேட்', சின்னதாக ஒரு பதிப்பகம், சுமாரான அட்டை. உள்ளே ஒரு சீட்டு: 'புத்தகம் வந்துவிட்டது. சொன்னபடி இருந்தீர்கள் என்று குணா வாத்தியார் எழுதினார். இனி உங்களுடையதை உங்கள் பெயரில் கொடுங்கள். ஆதிலட்சுமி.'

நான் முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரை புரட்டிப் பார்த்தேன். கற்பகம் என்று ஒரு எழுத்து இல்லை. முன்னுரையில் நன்றி சொன்ன பத்துப் பேரில் இவர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கற்பகத்திடம் சொன்னால், "அவங்க புத்தகத்துல என் பேரு எதுக்குண்ணா?" என்று கேட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

அம்மாளின் முடிவில் வடிவு கடிதத்தைப் பிரிக்கவே மாட்டாள். புருஷன் பெயரில் இருந்த வேலையைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனுப் போடுவாள். அவன் வந்து நிற்பான். கேட் திறக்கும். அவனைக் கடந்து ரோட்டில் எல்லோரும் போவார்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.  இதைச் சொன்னால் ஆதிலட்சுமி அம்மாள் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அவமானம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அது பெரிய எழுத்து.

கற்பகம் உடனே மூட்டையைப் பிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை. முதலில் பாவு பிணைத்த வீடுகளிலெல்லாம் அம்மாளின் முடிவைச் சொன்னார். அதே குரல் மாற்றத்தோடு, ஒரு வரி விடாமல். அது முடிய மூன்று மாதம் ஆனது. மூலத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தன்னுடையதைத் தருவேன் என்று பிடிவாதம்.

அதற்குப் பிறகு என் கடைக்கு வந்தார். அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். முதல் பக்கத்துக்கான வாசகத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பதினோராம் நம்பர் கேட் ஆதிலட்சுமி அம்மாவின் கதை. வடிவும் மற்றவர்களும் அவர் ஆட்கள். அவர் புத்தகத்தை முதலில் படியுங்கள். கதை நின்றுபோயிருந்தபோது நான் எனக்குத் தோன்றியபடி எழுதியது இது. அவர் அனுமதியோடு தருகிறேன். இதை விற்கக் கூடாது. எழுதியவர் கற்பகம், பாவு பிணைப்பவர், சேவூர்.'

தன் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கால் மணி நேரம் வாதம். கடைசியில் அம்மாள் பெயர் எந்த அளவோ அதே அளவில் போட்டேன். இந்தப் புதுப் பக்கத்தில் ஸ்டாம்ப் வேண்டாம் என்றும் நானே சொல்லிவிட்டேன். அதற்குக் கற்பகம், "கடிதாசு வர்றதுக்கு அட்ரஸ் வேணாமா? குத்துங்க" என்றார்.

மைதாப் பசை காய்ச்சி, தொண்ணூற்றுச் சொச்சம் பிரதியிலும் பழைய முதல் பக்கத்தின் மேல் புதியதை ஒட்டினோம். சின்னபொண்ணும் வந்து உட்கார்ந்தாள். தமிழ்வாணன் காய வைத்தார். கொடுத்த பிரதிகளைச் சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். அதற்குள் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. கற்பகம் வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, கேட்காததுபோல் கேட்பார். "ஏதாவது வந்துச்சாண்ணா?" இல்லையென்று நான் தலையை ஆட்டுவேன். இப்படி நாலு மாதம். கடைசிக் கடைசியில் அந்தக் கேள்விக்குப் பயந்து, அவர் வரும் நேரத்தில் நான் டீக்குப் போய்விடுவேன்.

2005 பங்குனியில் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதைக் கொடுப்பதா வேண்டாமா என்று பழைய யோசனை வந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அந்த யோசனை தாங்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு சேவூர் பஸ் ஏறினேன்.

கற்பகம் சுகன்யா வீட்டில்தான் பிணைத்துக்கொண்டிருந்தார். கையில் சாம்பல். கார்டை சுகன்யாவிடம் கொடுக்கச் சொல்லி, "நீயே படி" என்றார் அவளிடம். சுகன்யா சத்தமாகப் படித்தாள்.

"'கற்பகம் அவர்களுக்கு. உங்கள் கதையைப் படித்தேன். அவ்வளவு செய்த ஆளை வடிவு எப்படி உள்ளே விடலாம்? உலை வைக்கச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆதிலட்சுமி அம்மா எழுதியதுதான் சரி. நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.'"

சுகன்யா படித்து முடித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கற்பகம் கார்டை வாங்கினார். மேலே எழுதியிருந்த தன் பெயரை ஒரு தடவை பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னைத்தாண்ணா திட்டியிருக்காங்க" என்றார். "என் பேரைப் போட்டு!"